அம்மா இறந்ததை எழுதாத கடிதங்கள்

அன்டோனியோ கிராம்ஷியின் சிறைக் கடிதங்களைத் தேதி வரிசையில் படித்துக்கொண்டு போனால் 1933க்கு வந்ததும் கை தயங்குகிறது. சார்டீனியாத் தீவின் கிலார்சா என்ற சிற்றூரில் இருந்த அவருடைய அம்மா ஜுசெப்பீனா 1932 டிசம்பர் 30 அன்று இறந்துவிட்டார். மகன் அதற்குப் பிறகும் அம்மாவுக்கு எழுதுகிறார். சிறையிலிருந்து போர்மியா ஊர் மருத்துவமனைக்கு மாற்றப்பட்ட பின், 1934 மார்ச்சிலும் எழுதுகிறார். தம்பிக்குத் தெரியும், அக்காவுக்கும் தங்கைக்கும் தெரியும், ஊருக்கே தெரியும். அவருக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. அந்தக் கடிதம் கிலார்சாவில் யார் கையில் போய்ச் சேர்ந்தது, பிரித்தபோது எதிரில் யார் இருந்தார்கள், படித்து முடித்ததும் அதை எங்கே வைத்தார்கள் என்பதெல்லாம் புத்தகத்தில் இல்லை. மனம் என்னவோ அங்கேதான் போய் நிற்கிறது.

தமிழ்ச் சிறுபத்திரிகை வாசகருக்குக் கிராம்ஷி புதியவர் அல்ல. மேலாண்மை, பொதுப்புத்தி, அறிவுஜீவிகளின் பங்கு என்று அவருடைய 33 நோட்டுப் புத்தகங்களிலிருந்து எடுத்துப் பேசாத விவாதம் குறைவு. கடிதங்கள் ஓரத்திலேயே இருந்துவிட்டன. ஆனால் அவை இல்லாமல் அந்த நோட்டுப் புத்தகங்களும் இல்லை. 1926 நவம்பர் 8 அன்று ரோமில் கைதாகி, 1928 ஜூனில் இருபது ஆண்டு, நான்கு மாதம், ஐந்து நாள் தண்டனை பெற்று, தெற்கே தூரி என்ற ஊரின் சிறையில் 7047ஆம் எண் கைதியானார் அவர். பதினைந்து நாளுக்கு ஒரு கடிதம், அதுவும் குடும்பத்தாருக்கு மட்டும் என்பது அங்கே தொடக்கத்தில் விதி. மனைவி ஜூலியா மாஸ்கோவில், நோயோடு இருந்தார். பெரும்பாலான கடிதங்கள் மனைவியின் அக்கா தாத்தியானாவுக்குப் போயின. வேலை, உடல்நிலை இரண்டையும் ஒதுக்கிவைத்துவிட்டு அவர் பதில் எழுதினார், மருந்தும் கம்பளித் துணியும் அனுப்பினார், சிறை இருந்த ஊருக்கே போய்த் தங்கினார், வந்த கடிதங்களைப் பிரதியெடுத்துப் பொருளியலறிஞர் பியரோ ஸ்ராஃபாவுக்குக் கொடுத்தார். அவர் வழியாக அவை கட்சித் தோழர்களுக்குப் போயின. உள்ளே இருக்கும் ஒருவரை உயிரோடும் புத்தியோடும் வைத்திருக்க வெளியே ஒரு பெண் தன் ஆயுளில் பத்தாண்டைக் கொடுத்திருக்கிறார். அத்தனை அன்பு சூழ்ந்திருந்த வீட்டில்தான் அந்த மௌனமும் இருந்தது. உறுத்துவது அதுதான். அன்பில்லாதவர்கள் மறைத்திருந்தால் இவ்வளவு யோசிக்க வேண்டியிருக்காது.

ஒரு சாவை மறைப்பது ஒருநாள் வேலையாக முடிவதில்லை. அடுத்து எழுதும் ஒவ்வொரு கடிதத்திலும் அம்மாவைப் பற்றி ஒரு வரி சேர்க்க வேண்டும், அல்லது சேர்க்காமல் விட்டது தெரியாதபடி எழுத வேண்டும். உடம்பு எப்படி என்று கேட்டால் பதில் வேண்டும். ஏன் அம்மா எழுதுவதில்லை என்று கேட்டால் அதற்கும் ஒரு காரணம் வேண்டும். போன கடிதத்தில் சொன்ன காரணம் இந்தக் கடிதத்தில் நினைவிருக்க வேண்டும். எழுதுகிறவர் தன் துக்கத்தை அடக்கிக்கொண்டு இதையும் செய்ய வேண்டும். அழுது தீர்க்க வேண்டிய காலத்தில் கணக்குப் பார்த்து எழுதிக்கொண்டிருக்கும் கை அது. உள்ளே இருப்பவரைக் காப்பாற்ற நினைத்துத் தொடங்கியது, நாளாக ஆக அவரைக் கையாளும் பழக்கமாகிவிடுகிறது.

அந்த வீட்டுக்கு இது முதல் மறைப்பும் அல்ல. கிராம்ஷிக்கு ஏழு வயதிருக்கும்போது, 1898இல், பதிவு அலுவலகத்தில் வேலை பார்த்த அவருடைய அப்பா பணக் கையாடல் வழக்கில் கைதாகி ஐந்தாண்டுக்கு மேல் தண்டனை அடைந்தார். ஏழு பிள்ளைகளோடு நின்ற ஜுசெப்பீனா துணி தைத்துக் குடும்பத்தை நடத்தினார். அப்பா வெளியூர் போயிருக்கிறார் என்றுதான் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லப்பட்டது. சிறுவன் உண்மையை ஊர்வாயிலிருந்து தெரிந்துகொண்டான். அது அவனுக்குள் ஆறாத காயமாக இருந்ததென்று வாழ்க்கை வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். அப்பா சிறையில் இருப்பதை மகனிடம் மறைத்த அம்மா. சிறையில் இருக்கும் மகனிடம் மறைக்கப்பட்ட அம்மாவின் சாவு. இரண்டுக்கும் இடையே முப்பத்துநான்கு ஆண்டுகள். இரண்டு முறையும் காரணம் பாசம்தான். இரண்டு முறையும் தெரியாத பக்கத்தில் அவர் இருந்தார்.

தனக்கு எதை மறைக்கிறார்கள் என்பது தெரியாவிட்டாலும், மறைக்கிறார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. ஜூலியாவின் நரம்புக் கோளாறு பற்றி மாஸ்கோவிலிருந்தும் ரோமிலிருந்தும் பூசி மெழுகியே எழுதினார்கள். மாதக்கணக்கில் கடிதம் வராதபோது காரணம் புரியாமல் அவர் தவித்தார். 1930 மே மாதம் தாத்தியானாவுக்கு எழுதிய கடிதம் ஒன்றில் இரண்டு சிறைகளைப் பற்றிச் சொல்கிறார். சுவரும் கம்பியும் கொண்ட சிறையை அவர் எதிர்பார்த்தே இருந்தார். அரசியலில் இறங்கியபோதே அதற்குத் தயாராகிவிட்டார். வீட்டு வாழ்க்கையிலிருந்தே தன்னைத் துண்டித்துவிட்ட இன்னொரு சிறையைத்தான் அவர் எதிர்பார்க்கவில்லை. எதிரி அடிப்பான் என்று தெரியும், மற்றப் பக்கத்திலிருந்தும் அடி விழும் என்று நினைக்கவில்லை என்கிற பொருளில் எழுதுகிறார். இந்த இடத்தைப் படித்த பிறகு, அம்மா இறந்ததைச் சொல்லாமல் விட்டவர்கள்மீது இரக்கமும் கோபமும் சேர்ந்தே வருகின்றன.

கோபம் மட்டும் போதுமா என்றால், போதாது. 1931 ஆகஸ்டில் அவர் ரத்தம் கக்கினார். 1933 மார்ச் 7 அன்று எழுந்து நிற்க முடியாமல் கீழே விழுந்தார். அதன்பின் நாள்கணக்கில் பிதற்றலும் மயக்கமுமாகக் கிடந்தார். சக கைதி ஒருவர்தான் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டார். அம்மா இறந்து பத்து வாரம்கூட ஆகாத நேரம். அந்தக் குளிர்காலத்தில் செய்தியைச் சொல்லியிருந்தால் மார்ச் மாதத்தை அவர் தாண்டியிருப்பாரா? தூக்கமில்லாமல், பல் விழுந்து, எதுவும் செரிக்காமல் இருந்த உடம்பு அது. கிலார்சாவிலோ ரோமிலோ உட்கார்ந்து ஒரு காகிதத்தின் முன்னால் யோசித்தவர்களுக்கு இந்தக் கேள்விதான் முன்னால் நின்றிருக்கும். இன்றைக்கு நாற்காலியில் சாய்ந்துகொண்டு ‘சொல்லியிருக்க வேண்டும்’ என்பது எளிது. ஆனால் மார்ச் மாதம் போனது, கோடை போனது, அடுத்த ஆண்டும் வந்தது. சொல்லுவதற்கு ஏற்ற உடம்பும் ஏற்ற நாளும் வரவே இல்லை. தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதமும், ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்ற கேள்வியையும் கனமாக்கிக்கொண்டே போயிருக்கும். 1937 ஏப்ரல் 27 அன்று அவரும் போய்விட்டார்.

தமிழ்நாட்டில் சிறையில் இருப்பவரைப் பார்க்கப் போவதை ‘மனு பார்க்கப் போவது’ என்பார்கள். புழலிலோ பாளையங்கோட்டையிலோ மனு நாளில் வாசலில் நிற்பவர்களின் பேச்சைக் கொஞ்ச நேரம் கேட்டால், கிலார்சா அவ்வளவு தூரத்து ஊராகத் தோன்றாது. பழமும் பிஸ்கெட்டும் சோப்பும் உள்ள பையைப் பிடித்துக்கொண்டு, எதைச் சொல்வது, எதைச் சொல்லக் கூடாது என்று வரிசையிலேயே முடிவாகிவிடும். பெரியவருக்கு ஆபரேஷன் ஆனதைச் சொல்லாதே. வீட்டை அடமானம் வைத்ததைச் சொல்லாதே. தங்கச்சி திரும்பி வந்துவிட்டாள் என்று வாயைத் திறக்காதே. உள்ளே போனால் கம்பிவலைக்கோ கண்ணாடிக்கோ இந்தப் பக்கம் இத்தனை பேர், அந்தப் பக்கம் இத்தனை பேர். பக்கத்துக் குடும்பத்தின் குரலுக்கு மேல் குரல் எழுப்பிப் பேசினால்தான் காதில் விழும். அந்த இரைச்சலில் ஒரு சாவைச் சொல்ல முடியாது. ‘எல்லோரும் நல்லா இருக்கோம், நீ உடம்பைப் பாத்துக்க’ என்பதைத்தான் கத்திச் சொல்ல முடியும். கொரோனா காலத்தில் மனு நின்றபோது வந்த காணொளி அழைப்பிலும் இதே கதைதான். சில நிமிடத்தில் முகத்தைக் காட்டிவிட்டுச் சிரித்து வைக்க வேண்டும். நிதானமாகச் சொல்ல, சொன்னதைத் திரும்பப் படிக்க, படித்ததை மடித்து வைத்துக்கொண்டு இரண்டு நாள் கழித்துப் பதில் யோசிக்க இடம் தருவது கடிதம் ஒன்றுதான். அந்தக் கடிதத்திலும் மனுவில் கத்திய அதே வாக்கியம்தான் போகிறதென்றால், எழுதவே வேண்டியதில்லை.

தென்னாப்பிரிக்காவின் ராபன் தீவில் செய்தி வேறு விதமாகப் போய்ச் சேர்ந்தது. நெல்சன் மண்டேலா 1964இல் அங்கே போனபோது கடைசிப் படியான ‘டி’ பிரிவுக் கைதி. ஆறு மாதத்துக்கு ஒரு கடிதம், 500 சொல்லுக்கு மேல் போகக் கூடாது. ஆறு மாதத்துக்கு ஒருவர் வந்து பார்க்கலாம். வரும் கடிதங்களில் பிடிக்காத வரிகளை முதலில் மையால் அடித்தார்கள். மையைக் கழுவிவிட்டுக் கைதிகள் படிக்கிறார்கள் என்று தெரிந்ததும் பிளேடால் வெட்டி எடுத்தார்கள். தாளின் பின்பக்கத்தில் இருந்ததும் சேர்ந்து போய்விடும். ஒருமுறை அவருடைய அம்மா, மண்டேலாவின் அக்காதங்கையில் ஒருவரையும் பேரப்பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு அவ்வளவு தூரம் பயணம் செய்து வந்து பார்த்தார். அரைமணி நேரத்தை நாற்பத்தைந்து நிமிடமாக நீட்டிக் கொடுத்தார்கள். அம்மா மெலிந்திருந்ததை மகன் கவனித்தார். பின்னர் 1968இல் ஒரு நாள், சுண்ணாம்புக் கல் உடைத்துவிட்டுத் திரும்பியபோது தந்தி காத்திருந்தது. அம்மா மாரடைப்பில் இறந்துவிட்டார். அடக்கத்துக்குப் போக அனுமதி கேட்டார், மறுத்துவிட்டார்கள். அடுத்த ஆண்டு ஜூலையில் மூத்த மகன் தெம்பி கார் விபத்தில் இறந்த தந்தி வந்தது. அப்போதும் அனுமதி இல்லை.

தெம்பி இறந்த தந்தியைப் படித்துவிட்டு மண்டேலா அறைக்குப் போய்ப் படுத்துக்கொண்டார். இரவுச் சாப்பாட்டுக்கு வரவில்லை. சிலர் எட்டிப் பார்த்தார்கள், அவர் பேசவில்லை. கடைசியில் சக கைதி வால்ட்டர் சிசுலு உள்ளே வந்து படுக்கைக்குப் பக்கத்தில் மண்டியிட்டார். மண்டேலா தந்தியை அவர் கையில் கொடுத்தார். சிசுலு ஒன்றும் பேசாமல் அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார், எவ்வளவு நேரமென்று தெரியவில்லை என்று தன் வரலாற்றில் மண்டேலா எழுதுகிறார்.

அந்த இரவைத் தூரியில் கிராம்ஷிக்குக் கொடுத்திருக்க முடியுமா என்பதில்தான் எல்லாம் சிக்கிக்கொள்கிறது. மண்டேலாவுக்கு அரசு எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் வீட்டார் துக்கத்தை அவரிடமிருந்து எடுத்துக்கொள்ளவில்லை. தந்தி கொடுத்த மகன் மக்காத்தோ அப்போது இளைஞர்தான். அண்ணன் செத்த செய்தியை அப்பாவுக்கு ஒற்றை வாக்கியத்தில் அனுப்பினார். அதனால்தான் மண்டேலாவால் அனுமதி கேட்க முடிந்தது, மறுக்கப்பட முடிந்தது, தெம்பியின் அம்மாவுக்கு ஆறுதல் எழுத முடிந்தது, அன்றிரவு ஒரு நண்பரின் கையைப் பிடித்துக்கொள்ளவும் முடிந்தது. மறுக்கப்படுவதற்கும் ஒரு உரிமை வேண்டியிருக்கிறது. தெரியாதவர் எதையும் கேட்க மாட்டார். கேட்காதவருக்கு மறுத்தோம் என்ற கணக்குகூடச் சிறையின் ஏட்டில் ஏறாது. இங்கே தமிழ்நாட்டிலும் 1982ஆம் ஆண்டின் தண்டனை நிறுத்திவைப்பு விதிகளில், நெருங்கிய உறவினர் இறந்தாலோ உயிருக்குப் போராடினாலோ அவசர விடுப்பு கேட்க இடமிருக்கிறது. எல்லோரும் பரோல் என்று சொல்வது அதைத்தான். வழிக்காவலோடு வந்து கொள்ளி வைத்துவிட்டுத் திரும்பியவர்கள் உண்டு. விசாரணைக் கைதியென்றால் நீதிமன்றத்தில்தான் கேட்க வேண்டும். 2022 முடிவில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்களில் நூற்றுக்கு 75 பேருக்கு மேல் விசாரணைக் கைதிகள் என்பதால், பெரும்பாலானவர்களின் பாதை அதுதான். ‘இப்பச் சொல்ல வேண்டாம், வெளியே வரட்டும்’ என்று பெரியவர்கள் கூடிப் பேசி முடிவெடுக்கும்போது, உள்ளே இருப்பவருக்கு இருந்த இந்த ஒரே வாசலையும் சேர்த்துத்தான் சாத்துகிறார்கள். அது அவர்களுக்குத் தோன்றுவதில்லை. துக்கம் தாங்க மாட்டான் என்பது மட்டுமே தோன்றுகிறது.

குழந்தைகளிடம் மண்டேலா எப்படி நடந்துகொண்டார் என்பதையும் இங்கே பார்க்க வேண்டும். 1969 மே 12 அன்று விடியற்காலையில் அவருடைய மனைவி வின்னியைக் கைது செய்தார்கள். மகள்களில் ஜெனானிக்குப் பத்து வயது, ஜின்சிக்கு எட்டு. ஜூன் 23 அன்று அப்பா இருவருக்கும் எழுதிய கடிதத்தில் இனிப்புத் தடவிய வரி ஒன்றுகூட இல்லை. அம்மா இல்லாமல் நெடுநாள் இருக்க நேரலாம், சொந்த வீடில்லாமல் அனாதைகளைப் போல வளர நேரலாம், பிறந்தநாள் விருந்தும் புதுச் சட்டையும் பொம்மையும் கிடைக்காமல் போகலாம் என்று ஒவ்வொன்றாக எண்ணிச் சொல்கிறார். அதன் பிறகுதான் அம்மா ஏன் சிறைக்குப் போனார் என்ற விளக்கம். எட்டு வயதுப் பிள்ளைக்கு இவ்வளவா என்று முதல் வாசிப்பில் மனம் பதறுகிறது. அடுத்த வாசிப்பில், அந்தப் பிள்ளைகள் அன்றாடம் கண்டு கொண்டிருந்ததைத்தான் அவர் எழுதியிருக்கிறார் என்பது புரிகிறது. அவர்களுக்குத் தெரியாததை அவர் சொல்லவில்லை. தனக்கும் தெரியும் என்பதைத்தான் சொன்னார். அவர் எழுதிய கடிதங்கள் பலவும் போய்ச் சேரவில்லை. எழுதியவற்றை அவர் நோட்டுப் புத்தகத்தில் பிரதி எடுத்து வைத்திருந்தார். அதிகாரிகள் எடுத்துக்கொண்டு போன அந்த நோட்டுகளை முன்னாள் பாதுகாப்புப் போலீஸ்காரர் ஒருவர் 2004இல் திருப்பிக் கொடுத்தார்.

வெளியே இருப்பவர்கள் உண்மையை எழுதாததற்குப் பாசத்தைத் தவிர இன்னொரு காரணமும் உண்டு. நடுவில் ஒரு வாசகர் இருக்கிறார். உறையைப் பிரித்து, படித்து, முத்திரை குத்தி அனுப்பும் அதிகாரி. அவர் கண்ணுக்கு முன்னால் வீட்டின் அவமானத்தை, கடனை, நோயைப் பரப்பிவைக்க யாருக்குக் கை வரும்? அந்த வாசகர் இல்லாமல் போனால் எப்படி எழுதுவார்கள் என்பதற்கு ஒரு சாட்சி இருக்கிறது. இட்லருக்கு எதிராக நின்ற ஹெல்முட் வான் மோல்ட்கே 1944 செப்டம்பர் முதல் பெர்லினின் டேகல் சிறையில் இருந்தார். சிறைப் பாதிரியார் ஹரால்ட் பெல்ஹாவ் தன் உயிரைப் பணயம் வைத்து ஹெல்முட்டின் கடிதங்களை மனைவி ஃபிரேயாவிடமும், ஃபிரேயாவின் கடிதங்களை அவரிடமும் கொண்டு சேர்த்தார். தணிக்கைக்குப் போகாத கடிதங்கள். தூக்குத் தண்டனை வரும் என்று இருவருக்கும் தெரியும். அவர்கள் அதை மறைத்து எழுதவில்லை. வழக்குக்கு என்ன வாதம், யாரைப் போய்ப் பார்ப்பது, பிள்ளைகள் என்ன செய்கிறார்கள், பண்ணை எப்படி இருக்கிறது, சாவுக்கு எப்படித் தயாராவது என்று எல்லாவற்றையும் ஒரே தாளில் பேசினார்கள். 1945 ஜனவரி 23 அன்று அவரைத் தூக்கிலிட்டார்கள். கடிதங்களை ஃபிரேயா ஊரில் இருந்த தேன்கூட்டுப் பெட்டிகளில் ஒளித்து வைத்துக் காப்பாற்றினார். 2010இல் அவர் இறக்கும்வரை அவை முழுமையாக அச்சுக்கு வரவில்லை.

ஃபிரேயாவுக்குக் கிடைத்தது எல்லோருக்கும் கிடைக்காது. பெரும்பாலான குடும்பங்கள் அந்த நடு வாசகரோடுதான் எழுத வேண்டியிருக்கிறது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 2018 செப்டம்பரில் கைதிகளுக்கு எழுதும் தனிப்பட்ட கடிதங்கள் சிறைக்கே போகாதபடி மாற்றினார்கள். ஃபுளோரிடாவில் உள்ள ஒரு தனியார் நிறுவனத்துக்குப் போயின. அங்கே ஸ்கேன் செய்தார்கள், கைதிக்கு நகல்தான் கிடைத்தது, அசலை அழித்துவிட்டார்கள். போதைப்பொருள் தடவிய காகிதம் வருகிறது என்பது அரசு சொன்ன காரணம். பிள்ளை கிரேயானால் வரைந்து அனுப்பிய படத்தில் மெழுகு விரலில் ஒட்டாது என்பது கைதிகளின் குறை. சின்ன விஷயமாகத் தெரியலாம். கையில் வேறொன்றும் இல்லாதவருக்கு அது சின்ன விஷயம் இல்லை.

உள்ளே இருந்தவர்கள் கேட்டதெல்லாம் விவரம்தான். ஜூலியாவிடம் கிராம்ஷி திரும்பத் திரும்பக் கேட்டதும் அதுவே. மூத்தவன் டேலியோவைச் சின்னக் குழந்தையாகப் பார்த்தது. இளையவன் ஜூலியானோவை அவர் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. பையன்கள் நலம் என்ற வரியை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்? உயரம் எவ்வளவு, என்ன விளையாடுகிறார்கள், எதற்குப் பயப்படுகிறார்கள், படிப்பில் எப்படி என்று தெரிய வேண்டும். தெரிந்தால்தான் அப்பாவாக ஒரு கருத்துச் சொல்ல முடியும். தெரியாத இடத்தை அவர் தன் சிறுவயதால் நிரப்பினார். ஆப்பிள்களை முதுகு முள்ளில் குத்திக்கொண்டு போன முள்ளெலிகளைப் பற்றி டேலியோவுக்கு எழுதினார். குழந்தையின் பாலைக் குடித்துவிட்ட எலி ஒன்று மலைவரை போய் உதவி கேட்கும் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்படி ஜூலியாவுக்கு எழுதியனுப்பினார். கதை சொல்ல அவரிடம் இருந்தது. வீட்டில் நடப்பதுதான் அவருக்கு வந்து சேரவில்லை.

ஆகவே அம்மா இறந்தால் உள்ளே இருக்கும் மகனுக்கு எழுத வேண்டும். எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்த ஆஸ்பத்திரியில், கடைசியாக என்ன கேட்டார், யார் பக்கத்தில் இருந்தது, அவன் பேரைச் சொன்னாரா, கொள்ளி யார் வைத்தது, பதினாறாம் நாள் காரியம் என்றைக்கு என்று எழுத வேண்டும். தபால் நாலைந்து நாள் எடுக்கும் என்பதால் அதற்கு முன்பே வக்கீலிடமோ கண்காணிப்பாளரிடமோ விடுப்பு மனு போயிருக்க வேண்டும். அம்மாவின் சங்கிலியையும் அந்த இரண்டு சென்ட் நிலத்தையும் என்ன செய்வதென்று அவனுடைய சம்மதத்தையும் கேட்க வேண்டும். சாயந்திரம் லாக்கப் ஆன பிறகு அவன் கையில் அந்தத் தாள் கிடைக்காமல் இருக்க, பகலிலேயே கூப்பிட்டுச் சொல்லும்படி ஜெயிலரைக் கேட்டுக்கொள்ளலாம். பக்கத்து அறைக்காரர் யாரென்று முந்தைய கடிதங்களில் அவனே எழுதியிருப்பான். அவர் பெயரைச் சொல்லி, அன்றிரவு அவரை அவனோடு விட முடியுமா என்றும் கேட்கலாம்.